நுரையீரலின் தலக்காவல்

பாளையக்காரர் காலத்தில் திருநெல்வேலிச் சீமையில் இருவகைக் காவல் நடைபெற்று வந்தது. ஒன்று ஸ்தலக்காவல் எனப்படும் தலக்காவல், மற்றொன்று திசைக்காவல். ஊருக்குள்ளேயே குடியிருந்து, அவ்வூர்க் களத்தையும் தொழுவத்தையும் தெருவையும் இரவெல்லாம் சுற்றிவரும் காவலனுடைய பணி தலக்காவல். பாளையக்காரர் தம் ஆட்களைக் கொண்டு பல ஊர்கள் அடங்கிய பெரும்பரப்பு முழுமைக்கும் பொறுப்பேற்பது திசைக்காவல். இரண்டுக்கும் குடிகள் தனித்தனியே காவற்கூலி அளந்தனர். இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் ஐயர் 1881-ஆம் ஆண்டு ஆங்கிலத்தில் வெளியிட்ட திருநெல்வேலிச் சரித்திரத்தைப் படித்தோர் இக்காவல் முறைகளை அறிந்திருப்பர்.

திசைக்காவல் எவ்வளவு வலிமை உடையதாயினும், அது தலக்காவலுக்கு ஈடாகாது என்பதே அக்காலத்தார் கண்ட உண்மை. நெடுஞ்சாலையிற் குதிரை வீரர் சுற்றி வரலாம். ஆனால் நள்ளிரவில் என் வீட்டுக் கொல்லையில் ஏறிக் குதிப்பவனைக் கண்டு குரல் கொடுப்பவன், அந்தத் தெருவின் சந்துபொந்துகளை அறிந்த உள்ளூர்க் காவலனே.

வரலாற்றுப் பாடம் எதற்கு என்று நேயர்கள் நினைக்கலாம். நான் இன்று பேசவிருப்பது நம் நுரையீரலைப் பற்றி. நோய்க்கிருமிகளிடமிருந்து அதைக் காப்பவர் யார் என்பதைப் பற்றி. உடல் முழுமைக்கும் பொதுவான திசைக்காவல் ஒன்றும், நுரையீரலுக்கே உரிய தலக்காவல் ஒன்றும் நமக்கு உண்டு. இவ்விரண்டும் வெவ்வேறு என்னும் உண்மையை உலகம் அறிந்துகொண்ட வரலாற்றில், நம் தமிழ்நாட்டுச் சிற்றூர் மக்களுக்கு ஒரு பெரும்பங்கு இருக்கிறது. அதை அறியாமல் நான் செய்த ஒரு பிழையும் அதனோடு சேர்ந்திருக்கிறது. இரண்டையும் சொல்லிவிடுவதே முறை.

என் இடது தோளில், ஒரு சிறு காசளவில், பளபளப்பான தழும்பு ஒன்று உண்டு. 1966-ஆம் ஆண்டு நான் மூன்றாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தபோது, ஊசி போடுவோர் பள்ளிக்கு வந்தனர். வரிசையில் நின்றோம், அழுதவர் அழுதனர், அழாதவர் பெருமை பேசினர். சில வாரங்களில் அவ்விடம் கொப்புளித்துப் புண்ணாகி, பின்னர் ஆறித் தழும்பாயிற்று. அதுவே பி.சி.ஜி. ஊசி. “இனிமேல் உங்களுக்குக் காசநோய் வராது” என்று எங்கள் ஆசிரியர் சொன்னார். அக்காலத்தில் காசநோய் என்றாலே ஊர் நடுங்கும். சயரோகம் என்றும், எலும்புருக்கி என்றும் அதற்குப் பெயர். நோயுற்றவருக்குத் தனித் தம்ளர், தனித் தட்டு, தனித் திண்ணை. ஆகவே அந்தத் தழும்பை ஒரு கவசமென்றே நான் எண்ணினேன். ஆசிரியப் பயிற்சி முடித்து அறிவியல் கற்பிக்கத் தொடங்கிய பின்னும் அவ்வாறே எண்ணினேன், அவ்வாறே கற்பித்தேன்.

1989-ஆம் ஆண்டு. நாசரேத்துக்குத் தெற்கே தேரிக்காட்டை ஒட்டிய ஒரு பள்ளியில் நான் உதவி ஆசிரியன். என் வகுப்பில் பனையேறுபவர் ஒருவரின் மகன் படித்தான், நல்ல மாணவன். அவன் விடாமல் இருமிக்கொண்டிருந்தான். ஒரு நாள் அவன் தாய் பள்ளிக்கு வந்து, “சார், பையனுக்கு இருமல் நிக்கவே மாட்டேங்கு. ஏதும் பெரிய சீக்கா இருக்குமோ?” என்று கேட்டார். அந்த அம்மையார் பருவகாலம் முழுதும் விடிலியிலிருந்து பதநீர் காய்ச்சுபவர். மகனும் பக்கத்திலிருந்து ஓலையும் சுள்ளியும் அடுப்பிலிடுவான். நான் பையனை அழைத்துச் சட்டைக் கையை உயர்த்திப் பார்த்தேன். தோளில் தழும்பு தெளிவாக இருந்தது. “அம்மா, ஊசி போட்ட பிள்ளைக்கு அந்த நோய் வராது. இது விடிலிப் புகை, பருவம் முடிந்தால் சரியாகிவிடும்” என்றேன். சார் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பி அவர் திரும்பிப் போனார்.

பருவம் முடிந்தது; இருமல் முடியவில்லை. நான்கு மாதம் கழித்து அவன் இரத்தம் துப்பிய பிறகே தூத்துக்குடிக்கு அழைத்துச் சென்றோம். எக்ஸ்-ரே படத்தை வெளிச்சத்தில் உயர்த்திப் பிடித்த மருத்துவரிடம், “ஐயா, இவனுக்குத் தழும்பு இருக்கிறதே!” என்று நான் சொன்னேன். அவர் கடிந்துகொள்ளவில்லை. “சார், தழும்பு தோளில்தானே இருக்கிறது? நுரையீரலிலா இருக்கிறது?” என்று மட்டும் கேட்டார்.

அக்கேள்வி இன்றளவும் என்னை விட்டு அகலவில்லை. ஓய்வு பெற்றபின், படிப்பதற்குப் போதிய பொழுது வாய்த்த காலத்தில், அதன் விடையைத் தேடிப் படித்தேன். அதையே இங்கு எடுத்துரைக்கின்றேன்.

முதலில் நுரையீரலின் நிலைமையைப் பார்ப்போம். கண்ணை மூடிக்கொள்ளலாம், வாயை மூடிக்கொள்ளலாம், மூச்சை மூடிக்கொள்ள முடியாது. நம் கடற்கரையிலே மூச்சடக்குவதையே தொழிலாகக் கொண்ட முத்துக்குளிப்போர் வாழ்ந்தனர். அரசு நடத்திய தூத்துக்குடி முத்துக்குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. காலில் கல் கட்டிக் கடலடியில் இறங்கிய அம்மக்களே ஒரு நிமிடம் அல்லது அதற்குச் சற்று மேற்பட்ட நேரந்தான் மூச்சடக்குவர். பின்னர்க் கயிற்றை அசைத்து மேலே வந்தாக வேண்டும். நுரையீரலின் வாயில் என்றும் திறந்த வாயில். நாளொன்றுக்கு ஏறத்தாழ 10,000 லிட்டர் காற்று அதன் வழியே போய் வருகிறது. ஆடி மாதத்தில் தேரிச் செம்மண், உப்பளக் காற்று, அடுப்புப் புகை, அடுத்தவர் இருமிய துளி ஆகிய அனைத்தும் அக்காற்றோடு உள்ளே நுழைகின்றன.

உள்ளேயோ, 30 கோடி முதல் 50 கோடி வரை காற்றுச் சிற்றறைகள் இருக்கின்றன. காற்றுக்கும் இரத்தத்துக்கும் இடையே அங்குள்ள தடுப்பு, ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த கனமுடையது. அத்துணை மெல்லிய தடுப்பு இருந்தால்தான் பிராணவாயு இரத்தத்திற் சேரும். கோட்டை மதிலைத் தடிப்பாகக் கட்டிப் பகைவரைத் தடுக்கும் வழி நுரையீரலுக்கு இல்லை. மதிலில்லாத ஊருக்குக் காவலனே மதில்.

அக்காவலரை வரிசையாகக் காண்போம். மூச்சுக்குழாயின் உட்புறம் முழுதும் மெல்லிய சளிப்படலம் போர்த்தியிருக்கிறது. அதன் கீழே கண்ணுக்குப் புலனாகாத நுண்மயிர்கள் இடைவிடாது அசைந்து, தூசியும் கிருமியும் ஒட்டிய சளியைத் தொண்டையை நோக்கி மேலே தள்ளிக்கொண்டே இருக்கின்றன. நாற்று நடுவோர் வரிசையாகக் குனிந்து நிமிர்வது போல அவை ஒழுங்காக இயங்குகின்றன. ஆடிக்காற்றில் தேரியைக் கடந்து வந்தவர் மூக்கைச் சிந்தினால் செந்நிறமாக வருவது இந்த வாயிற்காவலின் வேலையே. புகை இந்த நுண்மயிர்களை முடக்கிவிடுகிறது. ஆகவே, விடிலிப் புகை அம்மாணவனின் நோய்க்குக் காரணமன்று என்றாலும், நோய்க்கு வாயிலைத் திறந்துவிட்ட துணைவனாக இருந்திருக்கக் கூடும். அச்சளியில் கிருமிகளைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருள்களும் கலந்துள்ளன.

இவற்றையும் தப்பிச் சிற்றறை வரை செல்லும் கிருமியை எதிர்கொள்வோர் பெருவிழுங்கி அணுக்கள். அயற்பொருளைக் கண்டால் அப்படியே விழுங்கிச் செரித்துவிடுவது அவற்றின் இயல்பு. இவை இரத்தத்திலிருந்து அவ்வப்போது வந்து போகும் கூலிப்படை அல்ல என்பது வியப்புக்குரியது. பிறப்பை ஒட்டிய நாள்களிலேயே நுரையீரலிற் குடியேறி, அங்கேயே பெருகி, அங்கேயே வாழ்பவை அவை என்று, எலிகளில் நடத்தி 2013-ஆம் ஆண்டு வெளியான ஆய்வுகள் காட்டின. உண்மையான உள்ளூர்க் காவலர் அல்லரோ!

காசநோய்க் கிருமி இங்கேதான் தன் சூழ்ச்சியைக் காட்டுகிறது. விழுங்கிய காவலனின் வயிற்றுக்குள்ளேயே அது சாகாமல் தங்கிவிடுகிறது. காவலன் வீட்டுப் பரணில் ஒளிந்துகொண்ட கள்வனைப் போன்றது அதன் நிலை. அப்போது செய்தி, நுரையீரல் வேரடியிலுள்ள நிணநீர்க் கணுக்களுக்குச் செல்கிறது. அங்கே டி அணுக்கள் என்னும் தேர்ந்த படையினர் பயிற்சி பெற்றுத் திரும்பிவரச் சில வாரங்கள் ஆகின்றன. வந்தபின், கிருமி இருக்குமிடத்தைச் சுற்றி வளைத்து ஒரு முடிச்சாகக் கட்டிவிடுகின்றனர். காசக்கிருமி புகுந்த நூறு பேரில் ஐந்து முதல் பத்துப் பேருக்கே வாழ்நாளில் நோயாக வெளிப்படுகிறது. எஞ்சியோரிடம் அது கட்டுண்டு கிடக்கிறது. காவல் பெரும்பாலும் வெல்கிறது என்பதே இதன் பொருள்.

இவ்வளவும் ஒரே நாளில் அறியப்பட்டவை அல்ல. எங்கள் நாசரேத்தில் 1870-ஆம் ஆண்டளவில் ஸ்ட்ராச்சன் என்னும் மருத்துவக் குரு மருத்துவப் பணியைத் தொடங்கியபோது, காசநோய் எதனால் வருகிறது என்றே உலகில் ஒருவருக்கும் தெரியாது. அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1882-ஆம் ஆண்டு மார்ச் 24-ஆம் நாள், பெர்லின் நகரில் ராபர்ட் காக் அந்நோயின் கிருமியைக் கண்டறிந்து அறிவித்தார். அதே ஆண்டில் சிசிலித் தீவின் மெசினா நகரில், மெச்னிகாவ் என்னும் ரஷ்ய அறிஞர் நட்சத்திரமீனின் கண்ணாடி போன்ற இளம்புழுவில் ஒரு முள்ளைக் குத்திவைத்து, நகரும் அணுக்கள் அம்முள்ளைச் சூழ்ந்துகொள்வதைக் கண்டார். விழுங்கும் அணுக்களே உடலின் காவலர் என்றார் அவர். இல்லை, இரத்தத்திலுள்ள எதிர்ப்பொருள்களே காவலர் என்றது மற்றொரு சாரார் கொள்கை. 1908-இல் நோபல் பரிசு மெச்னிகாவுக்கும், எதிர்க்கொள்கையினரான எர்லிக்குக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. இருவர் சொன்னதும் உண்மையே என்பது பின்னர்த் தெளிவாயிற்று.

ஆயினும், காவல் எங்கே இருக்கிறது என்னும் கேள்வியைப் பலர் கேட்கவில்லை. கேட்டவர் ஒருவர் உண்டு. மெச்னிகாவின் மாணவரும் பாரிஸ் பாஸ்டர் நிலையத்தில் பணியாற்றியவருமான பெஸ்ரெட்கா, தோலுக்கும் குடலுக்கும் தத்தமக்கு உரிய எதிர்ப்பாற்றல் உண்டு என்று 1920-களில் வாதித்தார். அவர் கொள்கையிற் குறைகள் இருந்தன. அக்குறைகளோடு அதன் உண்மையும் சேர்ந்து நெடுங்காலம் ஒதுக்கப்பட்டுக் கிடந்தது.

அதே நிலையத்தின் மரபில் வந்தவர்களே கால்மெட், கெரான் என்னும் இருவர். மாட்டைத் தாக்கும் காசக்கிருமியை, மாட்டுப் பித்தமும் கிளிசரினும் சேர்த்த உருளைக்கிழங்கின்மேல், 1908 முதல் பதின்மூன்று ஆண்டுகள், 230 முறை மாற்றி மாற்றி வளர்த்து, அதன் கொடுமையைத் தணித்தனர். 1921-இல் பாரிஸில் ஒரு பச்சிளங்குழந்தைக்கு அது முதன்முதல் வாய்வழியே புகட்டப்பட்டது. அவ்விருவர் பெயராலேயே அது பி.சி.ஜி. எனப்படுகிறது. 1930-இல் ஜெர்மனியின் லூபெக் நகரில், தடுப்பு மருந்தோடு கொடிய காசக்கிருமி கலந்துவிட்டதால் எழுபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தனர். தவறு மருந்தினுடையது அன்று, தயாரித்த இடத்தினுடையது என்று பின்னர்த் தெரிந்தாலும், அச்சம் எளிதில் அகலவில்லை.

இந்தியாவில் 1948-இல் சென்னைக் கிண்டியில் பி.சி.ஜி. மருந்து தயாரிக்கும் நிலையம் அமைந்தது. 1951 முதல் நாடு தழுவிய இயக்கமாக ஊசி போடப்பட்டது. 1955-இல் மூதறிஞர் இராஜாஜி இதனை வெளிப்படையாக எதிர்த்து எழுதினார். ஐயத்திற்குரிய ஒன்றை மக்கள் அனைவர் உடலிலும் ஏற்றலாகாது என்பது அவர் வாதம். அரசும் உலக சுகாதார நிறுவனமும் அவரை மறுத்தன. பிரிட்டனில் 1950-இல் தொடங்கிய பெரிய சோதனையில், பதினான்கு, பதினைந்து வயது மாணவர்களிடையே இவ்வூசி ஏறத்தாழ 80 விழுக்காடு காப்பளித்தது. ஆனால் வேறு சில நாடுகளில் கிடைத்த பயன் மிகக் குறைவு. எது உண்மை? நம் மண்ணிலேயே சோதித்துப் பார்ப்பதன்றி வேறு வழியில்லை.

அச்சோதனைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட இடம் அன்றைய செங்கற்பட்டு மாவட்டம். இன்றைய திருவள்ளூரைச் சார்ந்த பகுதி. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார நிறுவனத்தின் துணையோடு 1968-இல் பணியைத் தொடங்கியது. பதிவு செய்யப்பட்டோர் 3,66,625 பேர். அவர்களுள் 2,81,161 பேருக்கு ஊசி போடப்பட்டது. ஒரு பகுதியினருக்குப் பி.சி.ஜி.; மற்றொரு பகுதியினருக்கு மருந்தில்லாத வெற்று ஊசி. யாருக்கு எது என்பது சீட்டுக் குலுக்கியது போல முடிவாயிற்று. பின்னர், இரண்டரை ஆண்டுக்கு ஒருமுறை எக்ஸ்-ரே வண்டியோடு ஊர் ஊராகச் சென்று, வீடு வீடாக அழைத்துப் படமெடுத்தனர். ஐயத்திற்குரியோரின் சளியைச் சோதித்தனர். பதினைந்து ஆண்டுகள் இவ்வாறு நடைபெற்றது. உழவு வேலையை விட்டு, வெயிலில் வரிசையில் நின்று, கேட்டபோதெல்லாம் மார்பைக் காட்டிய அச்சிற்றூர் மக்களின் பொறுமையை நான் எண்ணிப் பார்க்கின்றேன். அவர்களுள் ஒருவர் பெயரும் வரலாற்றில் இல்லை.

முதல் ஏழரை ஆண்டின் முடிவு 1979-இல் வெளியாயிற்று. கிருமி இருமி வெளிப்படும் நுரையீரல் காசநோயிலிருந்து இவ்வூசி காப்பளிக்கவில்லை என்பதே முடிவு. பதினைந்து ஆண்டு முடிவு 1999-இல் அச்சேறியபோதும் அதுவே நிலைத்தது: வளர்ந்தோர்க்குக் காப்பு இல்லை, சிறுவர்க்கு ஓரளவே.

எண்ணிப் பாருங்கள். எத்தனை கோடிப் பேருக்கு ஊசி போட்ட பின் வந்த முடிவு அது! மறைக்க விரும்பியிருந்தால் மறைத்திருக்கலாம்; சொற்களால் மழுப்பியிருக்கலாம். நம் நாட்டு ஆராய்ச்சியாளர் அதைச் செய்யவில்லை. கண்டதைக் கண்டபடி உலகத்தின்முன் வைத்தனர். நான் அம்மாணவனின் தோளைத் தொட்டுத் தீர்ப்புச் சொன்ன நாளில், அந்த முடிவு வெளிவந்து பத்தாண்டு ஆகியிருந்தது. திருவள்ளூரில் அறியப்பட்ட உண்மை தேரிக்காட்டு வகுப்பறைக்கு வந்து சேரவில்லை; நானும் தேடிச் செல்லவில்லை.

ஊசி ஏன் தோற்றது? காரணங்கள் பல கூறுவர். நம் மண்ணிலும் நீரிலும் காசக்கிருமியின் தீங்கற்ற உறவினங்கள் நிறைய உள்ளன. இளமை முதலே அவற்றோடு பழகிய உடலுக்கு ஊசி புதிதாக எதையும் கற்பிக்கவில்லை என்பது ஒரு விளக்கம். ஆனால் மற்றொரு கேள்வியும் எழுந்தது. தோளிற் போட்ட ஊசி இரத்தத்தில் விழிப்பை உண்டாக்கியது மெய்யே. தோற்சோதனையில் அது தெரிந்தது. அவ்விழிப்பு நுரையீரலுக்குள் காவலாக நின்றதா? திசைக்காவல் பலப்பட்டது, தலக்காவல் பலப்பட்டதா?

இக்கேள்விக்கு விடை, வேறு திசைகளிலிருந்து சிறுகச் சிறுக வந்து சேர்ந்தது. 1965-இல் அமெரிக்காவில் டொமாசியும் உடன் ஆய்ந்தோரும், உமிழ்நீர் முதலிய கசிவுகளில் இரத்தத்திலுள்ளதிலிருந்து வேறுபட்ட ஒரு தனி எதிர்ப்பொருள் முறை இயங்குவதைக் காட்டினர். 1973-இல் கனடாவில் பீனன்ஸ்டாக்கும் தோழர்களும், மூச்சுக்குழாய்ச் சுவரை ஒட்டியே நிணத்திசுத் திரள்கள் இருப்பதை விளக்கி எழுதினர். ஊர்ச் சாவடியைப் போன்றவை அவை; காவலர் கூடி, செய்தி பெற்று, பயிற்சி கொள்ளுமிடம். குழந்தைகள் பலரின் நுரையீரலிற் காணப்படும் இத்திரள்கள் வளர்ந்தோரிடம் அருகிவிடுகின்றன. ஆனால் தொற்று ஏற்படும்போது மீண்டும் முளைக்கின்றன.

2004-இல் வெளியான ஓர் ஆய்வு இதனை ஐயமறக் காட்டியது. மண்ணீரலும் நிணநீர்க் கணுக்களும் இல்லாதவாறு ஆக்கப்பட்ட எலிகளுக்கு இன்புளுயன்சா நச்சுயிரியைக் கொடுத்தனர். அவை மாண்டுபோகும் என்றே யாரும் எதிர்பார்ப்பர். அவை பிழைத்தன. அவற்றின் நுரையீரல் தனக்குத் தானே சாவடி கட்டிக்கொண்டு, அங்கேயே படை திரட்டிப் போராடி வென்றது. காசநோயிலும் இதே செய்தி: கிருமியைக் கட்டிவைத்த முடிச்சுகளைச் சுற்றி இத்தகைய நிணத்திரள்கள் நன்கு அமைந்திருப்பதையும், நோய் முற்றியவற்றில் அவை குன்றியிருப்பதையும் குரங்குகளின் நுரையீரலிற் கண்டனர். மேலும், ஒரு போரை முடித்த டி அணுக்களுள் சில, இரத்தத்திற்குத் திரும்பாமல் நுரையீரலிலேயே தங்கிக் காவல் புரிகின்றன என்பதும் கடந்த இருபது ஆண்டுகளில் உறுதிப்பட்டது.

2020-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் வெளிவந்த ஆய்வு ஒன்றைச் சொன்னால் அம்மருத்துவர் கேட்ட கேள்விக்கு விடை கிடைத்துவிடும். அதே பழைய பி.சி.ஜி. மருந்தைக் குரங்குகளுக்குத் தோலில் இடாமல் இரத்தக்குழாய் வழியே செலுத்தினர். நுரையீரலுக்குள் டி அணுக்கள் பெருந்தொகையாகக் குடியேறின. பின்னர்க் கொடிய காசக்கிருமியைச் செலுத்தியபோது, பத்துக் குரங்குகளில் ஒன்பது காக்கப்பட்டன. மருந்து ஒன்றே, காவலர் எங்கே நிறுத்தப்பட்டனர் என்பதே வேறுபாடு. இம்முறையை மனிதருக்கு அப்படியே கையாள இயலாது. எனினும் ஆய்வாளர் செல்ல வேண்டிய திசையை அது காட்டிற்று. கொரோனா நோயை முன்னிட்டு, ஹைதராபாத்தில் உருவாகி 2022-இல் அரசின் ஒப்புதல் பெற்ற மூக்குவழித் தடுப்புச் சொட்டு மருந்தும் வாயிலிலேயே காவல் நிறுத்தும் எண்ணத்தில் பிறந்ததே.

காவலருக்கும் ஓர் எல்லை உண்டு. கள்வனைத் துரத்தும் ஆவேசத்தில் காவலனே வீட்டைக் கொளுத்திவிடலாகாது. கொரோனாவில் மூச்சுத் திணறி மாண்டோர் பலரின் நுரையீரலைக் கெடுத்தது கிருமி மட்டுமன்று, அடங்காத அழற்சியுமே. அளவறிந்து போரிட்டு, போர் முடிந்ததும் அடங்குவதே நல்ல தலக்காவல்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, அப்படியானால் பி.சி.ஜி. ஊசி வேண்டாம் என்று எவரும் முடிவு செய்துவிடக் கூடாது. கிருமி இரத்தத்திற் கலந்து உடலெங்கும் பரவும் கொடிய காசநோயிலிருந்தும், மூளைச்சவ்வைத் தாக்கும் காசநோயிலிருந்தும் பச்சிளங்குழந்தைகளை அது காக்கிறது. திசைக்காவலின் வேலை அதுவன்றோ? அவ்வேலையை அது செவ்வனே செய்கிறது. குழந்தை பிறந்தவுடன் அவ்வூசியைத் தவறாமல் போடுவது நம் கடமை. அது செய்யாத வேலையையும் அது செய்துவிட்டதாக நம்பி உறங்குவதுதான் பிழை.

அந்த மாணவனைப் பற்றிச் சொல்லி முடிக்கின்றேன். அவன் மருத்துவமனையில் நெடுநாள் தங்கவில்லை. காசநோயாளியை வீட்டில் வைத்தே மருந்து கொடுத்துக் குணப்படுத்தலாம் என்பதையும், அதனால் வீட்டாருக்குக் கூடுதலான தீங்கு நேர்வதில்லை என்பதையும் 1959-இலேயே உலகுக்குக் காட்டியது நம் சென்னையில் 1956-இல் தொடங்கப்பட்ட காசநோய் ஆராய்ச்சி நிலையம். இன்றைய தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். அந்த வழியிலேயே அவனும் வீட்டிலிருந்து பல மாதங்கள் மருந்துண்டு குணமடைந்தான். இன்று குடும்பத்தோடு நலமாக இருக்கிறான். ஆயினும் இடது நுரையீரலின் மேற்பகுதி சுருங்கிப்போயிற்று. தேரி மேட்டில் சற்று வேகமாக ஏறினால் நின்று மூச்சு வாங்குவான். அந்த நான்கு மாதத்தை முன்னதாகப் பயன்படுத்தியிருந்தால் அவ்வாறு நேர்ந்திராது என்று மருத்துவர் சொன்னார். அவன் தாய் என்னை ஒருநாளும் குறை கூறியதில்லை. வழியிற் கண்டால் இன்றும் “சார்” என்று கைகூப்புகிறார். அதுவே எனக்குப் பாரமாக இருக்கிறது.

ஓய்வு பெறும்வரை, ஒவ்வோர் ஆண்டும் பள்ளி திறந்த முதல் வாரத்தில், என் மாணவர்க்கு நான் இந்தக் கதையைச் சொல்லி வந்தேன். தலைமையாசிரியர் ஆன பின்னரும் அவ்வழக்கத்தை விடவில்லை. அவர்களுக்குச் சொன்னதையே நேயர்களுக்கும் சொல்கின்றேன். உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ எவருக்கேனும் இரண்டு வாரத்திற்கு மேல் இருமல் நீடித்தால், தோளில் தழும்பு உண்டா இல்லையா என்று பாராதீர்கள். சளியைச் சோதிக்க அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். சோதனைக்கும் மருந்துக்கும் அங்கே கட்டணம் இல்லை. புகைபோக்கி இல்லாத அடுப்பருகே பிள்ளைகளை உட்கார வைக்காதீர்கள். நுரையீரலின் காவலர் இரவும் பகலும் விழித்திருக்கின்றனர். அவர்கள் தோற்கும் நாளில் முதலிற் கேட்கும் கூக்குரல் இருமலே. அக்குரலைக் கேட்டு உடனே எழுந்து வருவது ஊராராகிய நம் கடமை.